இடது ஊசி முதலில்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
12-3-1982

அன்புள்ள அண்ணிக்கு,

செல்வாம்பாள் எழுதுகிறேன். உங்கள் தம்பி சக்கரபாணியின் மனைவி. நாத்தனாருக்கு நானே என்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளவேண்டியிருப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. கல்யாணமாகி ஒன்றரை மாதம் ஆகிறது. நீங்களும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாலி கட்டி முடித்துப் பந்திக்கு இலை போடுவதற்குள் நீங்கள் கிளம்பிப் போய்விட்டீர்கள். மறுநாள்தான் மாஹேக்குப் போய்விட்டீர்கள் என்று சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரரான அண்ணனுக்கு அங்கே மின்துறையில் வேலை என்று தெரியும். ஆனால் இரண்டு வருஷமாக அவர் அங்கே தானே சமைத்துச் சாப்பிட, நீங்கள் 'மாத்தல் கெடச்சு அவரே வரட்டும்' என்று இங்கே அம்மா வீட்டில்தான் இருந்தீர்களாமே. கேரளக் கரையில் இருக்கிற மாஹேக்கு மாற்றல் என்றால் இந்த ஊரில் கவர்மெண்டு உத்தியோகக்காரர்கள் அழுவார்களாம். அந்த ஊருக்கு நீங்களாகப் போய் உட்கார்ந்துகொண்டதைத் தெருவே பேசுகிறது.

எழுத வந்த விஷயம் வேறு. போன வாரம் பின்கட்டுப் பரணை ஒழித்தேன். ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே பாதி தைத்த ஒரு சின்னத் தோல் பை. பிடி கிடையாது, வார் கிடையாது; கையில் அப்படியே பிடித்துக்கொள்கிற மாதிரி, மூன்றாக மடித்த கடித உறைபோல் இருக்கிறது. ஒரு பக்கம் தையல் முடிந்திருக்கிறது. மறு பக்கம் பாதியில் நிற்கிறது. நூலின் இரண்டு முனையிலும் ஊசி. கூடவே ஒரு குத்தூசி, தேன்மெழுகு உருண்டை ஒன்று, ஒரு முள்கரண்டி.

உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "அது அஞ்சலாட்சியோடது. தோலு. சாமி அலமாரி இருக்கற எடத்துக்கு எடுத்தாராத" என்றார். முள்கரண்டி எதற்கு என்றேன். "யாரு கண்டா? தோலக் குத்தித் தின்னுவாளோ என்னவோ" என்றார்.

நான் பாகூரில் வயல்காட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். நெல் மூட்டைக்குக் கோணி தைத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தப் பையை நான் தைத்து முடிக்கட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் தொடமாட்டேன். இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் தம்பிக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோலச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
செல்வாம்பாள்

*

மாஹே
20-3-1982

செல்வாம்பாளுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நாங்கள் நலம்.

அந்த டின்னைத் தூக்கிப் போட்டுவிடு. நான் அதை விட்டுவிட்டேன்.

போட மனசு வரவில்லை என்றால் ஊசிகளை உடனே தோலிலிருந்து உருவி வை. துருப்பிடித்தால் கறை விழும், அது போகாது. பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிடாதே. திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். நீ கோணி தைத்தவள் என்று எழுதியதால் சொல்கிறேன், இது கோணி இல்லை.

முள்கரண்டி தின்பதற்கு இல்லை.

அஞ்சலாட்சி

*

முதலியார்பேட்டை
2-4-1982

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னாடியே எண்ணெய் தடவிவிட்டேன். மடிப்பின் மேல்பக்கம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குக் கறுப்பு. அரிசி மாவு போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்புக்கு மேல் வெள்ளையும் சேர்ந்ததுதான் மிச்சம். திட்டிக்கொள்ளுங்கள்.

முள்கரண்டி எதற்கு என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். தோலின் ஓரத்தில் அதை அழுத்தினால் நான்கு புள்ளி விழுகிறது. கடைசிப் புள்ளியில் முதல் முள்ளை வைத்து மறுபடி அழுத்தினால் அடுத்த மூன்று. அப்புறம் ஒவ்வொரு புள்ளியிலும் குத்தூசியால் துளை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அக்கா ஓட்டல்ல கேட்டு வாங்கியாந்தது அது" என்றார். அதற்கு மேல் உங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து மில்லுக்குப் போய்விடுகிறார், ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாலும்.

எட்டுத் துளை தைத்தேன். தையல் உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தையல் எல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது, என்னுடையது எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஏன்?

இன்னொன்று. மூன்றாம் மாதம் வந்துவிட்டது, தாலி பிரித்துக் கோர்க்கவேண்டும் என்று உங்கள் அப்பாவின் அக்கா என்ற உரிமையில் ஆயம்மா பெரியத்தை நாள் பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்று கட்டிய மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுக் குண்டும் காசும் சேர்த்துப் புதுக்கயிற்றில் கட்டுவார்களே, அதுதான். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் அதை நாத்தனார் கையால்தான் கட்டுவோம். அவரோ தானே கட்டுவதாகச் சொன்னார். அந்த நாள் எனக்கு ஒத்துவராது, தலைக்குக் குளிக்கிற நாள் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தள்ளிவிட்டேன். ஐந்தாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறார்.

செல்வாம்பாள்

*

மாஹே
14-4-1982

செல்வாம்பாளுக்கு,

அரிசி மாவு! அதைப் படித்து உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டிவிட்டது. அந்தக் கறை அப்படியே இருக்கட்டும். இனிமேல் எதுவும் தடவாதே.

உன் தையல் ஏன் எதிர்ப்பக்கம் சாய்கிறது என்றால், நீ வலது ஊசியை முதலில் விடுகிறாய். நான் இடது ஊசியை முதலில் விடுவேன். இந்தத் தையலில் ஒரே துளைக்குள் இரண்டு ஊசியும் எதிரும் புதிருமாகப் போகவேண்டும். எது முதலில் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் சாய்வு. இரண்டாவது ஊசி விடும்போது முதல் நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள். பிறகு இரண்டு கையையும் ஒரே அளவுக்கு இழு. ஒரு கை அதிகமாக இழுத்தால் தையல் கோணும். தோலை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொள். நான் பழைய அட்லஸ் புத்தகத்துக்குள் வைத்து இடுக்குவேன். நூலை மெழுகில் மூன்று முறை இழுத்தால்தான் துளைக்குள் நிற்கும்.

தைத்ததைப் பிரித்துவிட்டு என் பக்கம் சாய்கிறமாதிரி மறுபடி தை. முடிக்கும்போது முடிச்சுப் போடாதே. வந்த வழியிலேயே இரண்டு துளை பின்னால் திரும்பித் தைத்து, நூலை ஒட்ட வெட்டிவிடவேண்டியதுதான். இந்த வேலையில் முடிச்சே கிடையாது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். இதை நான் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பழைய பேப்பர்க் கடையில் மிளகாய் மடித்துக் கொடுத்த காகிதம். அதில் இந்தப் பைக்குப் 'பொஷேத்து' என்று போட்டிருந்தது. மற்றது படத்தைப் பார்த்துத்தான். தோல், உழவர்கரையில் பை செய்கிற பட்டறையில் வெட்டி மிச்சம் விழுந்த துண்டு.

நாத்தனார் கையால் கட்டுவது உங்கள் பாகூர் வழக்கம் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வழக்கமும் அதுதான். கல்யாணத்தில் தாலிக்கு மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு, நாத்தனார் போடுவது இரண்டு. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருக்கமாட்டார்கள். சக்கரபாணி முதல் முடிச்சைப் போட்டான். நான் குனிந்தேன். முடிச்சுப் போட எவளுக்கும் இரண்டு கையும்தான் வேண்டும். எனக்கு இடது கை முந்திக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்த்துவிட்டுப் பெரியத்தை, "பீச்சாங்கை முடிச்சா? நல்ல காரியத்துலயா? தள்ளுடி" என்று நூறு பேர் நடுவில் என் கையைத் தட்டிவிட்டாள். மேளக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். இரண்டு முடிச்சையும் அவளே போட்டாள்.

அவள் சொன்னதுகூடப் போகட்டும். அம்மா பக்கத்தில்தான் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதில் நான் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துத் துணியால் கட்டிவைப்பாள், அது சோற்றுக்கு நீளக்கூடாது என்று. அதனால் அவளிடம் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் என் தம்பி மணவறையில் உட்கார்ந்தபடி என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இவ்வளவும் எழுதவேண்டும் என்று உட்காரவில்லை. தையலைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அஞ்சலாட்சி

*

முதலியார்பேட்டை
3-5-1982

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தேன்.

தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாலையும் பூவும் கண்ணை மறைத்தன. உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு இடது கை வந்தது. கட்டைவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன புள்ளிகள். இன்னொரு கை வந்து அதைத் தட்டிவிட்டது. போன கை திரும்பி வரவில்லை. கல்யாண வீட்டில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்தக் கை ஒன்றுதான். டின்னைத் திறந்து குத்தூசியைப் பார்த்ததும் அது யார் கை என்று புரிந்துவிட்டது. பையின் உள்மடிப்பில் குத்தூசியால் புள்ளி புள்ளியாக 'செ' என்று எழுத்து இருப்பதையும் அன்றைக்கே பார்த்துவிட்டேன். இது எனக்காகச் செய்தது என்று தெரிந்துதான் முதல் கடிதத்தில் முடிக்கட்டுமா என்று கேட்டேன். தெரியாததுபோல எழுதியது தப்புதான். நீங்களாகச் சொல்லவேண்டும் என்று ஆசை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். உங்கள் தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. கல்யாணமான நாலாம் நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கழுத்தில் லேசாக ஏதோ நழுவியது. தாலிக்கயிறு அவிழ்ந்து என் கைக்குள் வந்து விழுந்தது. மூன்று முடிச்சும் இல்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நானே கட்டிக்கொண்டேன். தாலியைத் தானே கட்டிக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அவர் மில்லிலிருந்து திரும்பும்வரை வாசலை விட்டு நகரவில்லை. அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும்தான் உள்ளே போய்ச் சோறு வடித்தேன்.

அதிலிருந்து தினமும் பயம்தான். போதாததற்குக் கயிறும் நைந்து திரிதிரியாகப் பிரிகிறது. உங்கள் தேன்மெழுகை எடுத்து அதில் தேய்த்து வைத்திருக்கிறேன். தோல் டின்னில் இருந்த மெழுகு என்று தெரிந்தால் ஆயம்மா பெரியத்தை மயங்கி விழுந்துவிடுவார்.

அவர் கையால் எனக்கு மறுபடி கயிறு வேண்டாம் அண்ணி. நீங்கள் வந்து கட்டுங்கள்.

எட்டுத் துளையையும் பிரித்தேன். மூன்றாவது துளை கிழிந்து நான்காவதோடு சேர்ந்துவிட்டது.

செல்வாம்பாள்

*

மாஹே
16-5-1982

செல்வாம்பாளுக்கு,

முதலில் பயத்தை விடு. ஈரக் கயிற்றில் மஞ்சள் பூசிக் கட்டுவார்கள். காயும்போது சுருங்கும், முடிச்சு தளரும். இழுத்து இறுக்கத் தெரியாத கையாக இருந்தால் நாலு நாளில் கழன்றுவிடும். பெரியத்தைக்கு நாரில் பூக்கூடச் சரியாகக் கட்ட வராது. வலது கை, வலது கை என்று பெருமைதான் உண்டு. சக்கரபாணி மில்லுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வருகிறான் இல்லையா? நீ கட்டிய முடிச்சு நிற்கிறது இல்லையா? அப்புறம் என்ன. நீ கட்டியதில் ஒரு தப்பும் இல்லை. கையில் விழுந்ததைக் கழுத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டாய். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனாலும் நீ தனியாகக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு முழு நாள் உன் மேலும் கோபமாக இருந்தேன், ஏன் முன்னாடியே எழுதவில்லை என்று.

'செ' உனக்காகத்தான். நிச்சயம் ஆன மறுவாரம் ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் உன் கையில் கொடுக்க நினைத்தேன். மறு பக்கம் பாதிதான் பாக்கி. கல்யாண வேலையில் முடியவில்லை, பிறகு முடிக்கப் பிடிக்கவில்லை.

நீ கூப்பிட்டதற்கு வருகிறேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். யாருக்கும் தெரியாமல் வந்து பின்கட்டில் கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அப்படி வரமாட்டேன். நூறு பேர் நடுவில் தட்டிவிட்ட கை இது. திருட்டுத்தனமாகக் கட்டினால் அவள் சொன்னது சரி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. வந்தால் பெரியத்தை எதிரில் உட்கார்ந்து பார்க்க, என் இடது கை முந்த, நான் கட்டுவேன். அதற்கு அம்மாவும் தம்பியும் வாயைத் திறந்து என்னைக் கூப்பிடவேண்டும். நீ கூப்பிட்டது போதாது. உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை, என்னைத் தட்டிவிட்டபோது சும்மா இருந்தவர்கள் அவர்கள்.

இனிமேல் பிரிக்காதே. மறுபடி பிரித்தால் தோல் தாங்காது. உன் பக்கம் உன் சாய்விலேயே போகட்டும். கிழிந்த துளையைத் தாண்டி அடுத்ததிலிருந்து தை.

அஞ்சலாட்சி

*

முதலியார்பேட்டை
28-6-1982

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்தது நல்ல சேதியோடு எழுதவேண்டும் என்பதற்காக.

ஐந்தாம் மாதத்துக்கு ஆயம்மா பெரியத்தை புதுக்கயிறும் வெற்றிலைத் தட்டுமாக வந்தார். நான் இந்த முறை பொய் சொல்லவில்லை. "நாத்தனார் வராம நான் கயிறு மாத்திக்கிறதா இல்ல பெரியம்மா" என்றேன். அவர் தட்டைத் தரையில் வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எத்தினி மாசந்தான் இதையே போட்டுக்குவ? கயிறு நைஞ்சு அறுந்தா யாருக்குடி கேடு?"

"எனக்கும் அந்தப் பயந்தான். அதனாலதான் கையி உறுதியா இருக்கறவங்க வந்து கட்டட்டும்னு சொல்றேன்."

"நொட்டாங்கைக்காரி கையா உறுதி?"

உங்கள் தம்பி உள்ளே சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல மில்லுக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். பாதிப் பித்தானோடு வெளியே வந்தார். "அத்த, எனக்கு அம்மை போட்டப்ப சோறு ஊட்டின கை அது. அதே பீச்சாங்கைதான். நான் செத்தா போயிட்டேன்?" என்றார். அவர் குரல் இவ்வளவு பெரிசு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் தணிந்து, "அன்னிக்கே சொல்லியிருக்கணும். மணவறயில ஒக்காந்துகினு எழுந்து சண்ட போட வெக்கமா இருந்துச்சு. இப்ப அத நெனச்சா அதவிட வெக்கமா இருக்குது" என்றார். இந்தக் கடைசி வார்த்தையை உங்களுக்கு எழுதச் சொன்னார். அவரையே எழுதச் சொன்னேன். இன்லண்டு லெட்டரை எதிரில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார், 'அக்காவுக்கு' என்று எழுதினார், அதோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். அதையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் அம்மா எழுந்தார். பின்பக்கம் போய் ஏற்கனவே கழுவிவைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "ஆடிப் பதினெட்டுக்கு அவ வர்றாளான்னு கேட்டு எழுது. ஏழாம் மாசம், நாளும் நல்லது" என்றார். நான் இவ்வளவு நாளாக உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது, உங்கள் கடிதங்களை என் தலைமாட்டில் வைப்பது உங்கள் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "தபால்காரன் எங்கிட்டதான் குடுத்துட்டுப் போறான். நாந்தான் ஓந் தலமாட்டுல வைக்கிறேன்" என்றார்.

அவரையும் உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவருக்கு எழுத வராது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பொஷேத்து முடிந்துவிட்டது, கடைசி மூன்று துளை தவிர. ஊசிகளை உருவி டின்னில் போட்டுவிட்டேன், துருப்பிடிக்காது. அந்த மூன்று துளை உங்களுக்கு.

செல்வாம்பாள்

*

மாஹே
10-7-1982

செல்வாம்பாளுக்கு,

இங்கே இருபது நாளாக மழை விடவில்லை, பெய்துகொண்டே இருக்கிறது. பீரோவில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்துவிட்டது.

என் தம்பியின் கடிதத்தை வைத்துக்கொண்டேன். இரண்டே வார்த்தை, அதில் ஒன்று அவன் பெயர். 'அக்காவுக்கு' என்பதில் 'க்கா' மேல் மை ஊறிப்போயிருக்கிறது. அங்கேயே ரொம்ப நேரம் பேனாவை வைத்திருந்திருக்கிறான். போதும்.

ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன். உன் அண்ணனுக்கு லீவு இல்லை, நான் மட்டும் ரயிலில் வருகிறேன். முதல் நாள் காலை சேர்ந்துவிடுவேன். பெரியத்தையைக் கட்டாயம் அழைத்து வை. யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடு.

புதுக்கயிற்றை முதல் நாளே மஞ்சள் போட்டுக் காயவைத்துவிடு. ஈரமாகக் கட்டமாட்டேன்.

அஞ்சலாட்சி

*

மாஹே
14-8-1982

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிசாதத்தை உன் அண்ணன் மறுநாளும் வைத்துச் சாப்பிட்டார். பாகூர்க்காரி புளியில் கஞ்சத்தனம் பண்ணவில்லை என்று சொல்லச் சொன்னார்.

வந்ததிலிருந்து உனக்கு இதை எழுதவேண்டும் என்றிருந்தேன். அங்கே இருந்தபோது சொல்லியிருக்கலாம். வாயால் சொல்ல வரவில்லை.

அன்று காலை பின்கட்டில் நான் அந்தக் கடைசி மூன்று துளையைத் தைத்தபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து முள்கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். இரண்டு துளை திரும்பித் தைத்து நூலை வெட்டினேன். அது வரைக்கும் என் கைக்கு ஒன்றும் இல்லை. உன் கறுப்புத் திட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு மனைப்பலகையில் உன்னை உட்காரவைத்தார்கள். பெரியத்தை நாற்காலியில் எதிரே உட்கார்ந்திருந்தாள். உன் பின்கழுத்து என் எதிரே வந்தது. கயிற்றைக் கையில் எடுத்தேன். அவ்வளவு சண்டை போட்டு, அத்தனை கடிதம் எழுதி வந்தவள், அந்த நேரத்தில் பயந்துவிட்டேன். என் வலது கை முன்னால் போய்விட்டது. அதற்கு முடிச்சுப் போடத் தெரியாது. கயிறு நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. உனக்கு அன்றைக்கு நான் ஏன் தாமதித்தேன் என்று தெரியாது. கயிற்றின் நீளத்தைச் சரிபார்க்கிறேன் என்று நினைத்திருப்பாய். நீ குனிந்திருந்தாய், உன் கழுத்துக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரிய வழி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் நாடாவோடு சேர்த்துக் கட்டுவதற்குப் பிடிப்பாளே, அதே இடம். அந்தக் கையைத் தூக்கிக் கயிற்றின் முனையை அதில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இதால போடுடி. ஒனக்கு வர்ற கையால போடு" என்றாள்.

போட்டேன். மூன்றும் நான் போட்டது. பெரியத்தை என்ன முகத்தோடு இருந்தாள் என்று பார்க்க மறந்தே போய்விட்டேன்.

குளிக்கும்போது தொட்டுப் பார். இறுக்கமாகத்தான் இருக்கும். இருக்கிறதா என்று எழுது.

உன் அண்ணி,
அஞ்சலாட்சி